ஒரு கை பச்சை, இரண்டு கை ஆரஞ்சு

உலகத்தின் கடைசிப் பறவை என்னுடைய மங்கி குல்லாவுக்குள் இருக்கிறது என்று ஒரு காலைப்பொழுது முழுக்க நான் நம்பினேன். இன்றைக்கு எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வந்தது பேதி.

எண்பதுகளின் தொடக்கம். கொடைக்கானலில் ஒரு லாட்ஜுக்கு நான் மேனேஜர். மேனேஜர் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். வெந்நீர் வரவில்லை என்றால் திட்டு வாங்குவதற்காகச் சம்பளம் கொடுத்து வைக்கப்பட்ட ஆள், அவ்வளவுதான். ஐப்பசி மாதம். மழை, மழை நின்றால் மூடுபனி. ஒரு நாள் வெள்ளனே எழுந்து வராந்தா பக்கம் போனேன். பெரிய கண்ணாடி ஜன்னலுக்குக் கீழே ஒரு குருவி மல்லாந்து கிடந்தது.

குருவியா அது? பெயிண்ட் கடைக்குள் தவறி விழுந்து எழுந்த மாதிரி இருந்தது. முதுகு பச்சை. தோளில் பளீரென்று நீலம். நெஞ்சு சந்தன நிறம். வயிற்றுக்கு அடியில் குங்குமச் சிவப்பு. கண்ணைச் சுற்றி வழிப்பறிக்காரன் கட்டுகிற மாதிரி ஒரு கறுப்புப் பட்டை. வால் மட்டும் பேருக்குத்தான் இருந்தது. இவ்வளவு சாயம் செலவழித்த பிறகு வாலுக்குத் துணி போதவில்லை போலிருக்கிறது.

நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது ஆறாம் நம்பர் அறைக்காரர் வந்தார். பம்பாய் ஆசாமி. கழுத்தில் பைனாகுலர். பைனாகுலர் போட்டவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற வயது எனக்கு.

"ரேர். வெரி வெரி ரேர். உலகத்துலயே கடைசியாக்கூட இருக்கலாம்" என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இதெல்லாம் செத்தா கேஸ் ஆகும், தெரியும்ல? புதுச் சட்டம்" என்றார். சொல்லிவிட்டு டோஸ்ட் சாப்பிடப் போய்விட்டார். அவர் பம்பாயில் குளியலறைக் குழாய் விற்கிறவர் என்பது பில் போடும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அதற்குள் என் மனது வத்தலக்குண்டு போலீஸ் ஸ்டேஷன் வரை போய் வந்துவிட்டது. கையில் விலங்கு. அம்மா வாசலில் அழுகிறாள். சொந்தக்காரர்கள், "கொலைகூட இல்லையாம்ப்பா, குருவியாம்" என்று தலையில் அடித்துக்கொள்கிறார்கள். குருவியின் நெஞ்சு லேசாகத் துடித்தது. உயிர் இருந்தது. குல்லாவைக் கழற்றி அதைச் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடினேன். கொடைக்கானலில் குருவிக்கு என்று இருந்தது ஒரே டாக்டர்தான். அவர் பல் டாக்டர்; பறவைப் பைத்தியம் என்று ஊருக்கே தெரியும்.

அந்தப் படிக்கட்டில் நான் ஏறியது எப்படிப்பட்ட வீரம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு வாரமாக என் இடது கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. கிராம்பைக் கடித்துக்கொண்டு சமாளித்தேன். டாக்டரம்மாவின் கிளினிக் பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்ததால் அந்த இரண்டு வாரமும் ரொட்டிகூட வேறு தெருவில்தான் வாங்கினேன்.

உயரம் குறைந்தவர். நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டியைப் போட்டு அதன்மேல் ஏறி நின்றுதான் பல் பிடுங்குவார். வெள்ளைப் புடவைக்கு மேல் சாம்பல் நிற ஸ்வெட்டர். ஐந்தாறு வயது மூத்த அக்கா மாதிரி முகம். கை மட்டும் லாரி மெக்கானிக்குடையது.

"டாக்டரம்மா, இது செத்துட்டா நான் ஜெயிலுக்குப் போயிருவேன்" என்று குல்லாவை நீட்டினேன்.

அவர் குல்லாவைப் பார்க்கவில்லை. கன்னத்தைப் பார்த்தார்.

"எத்தன நாளா இந்த வீக்கம்?"

"குருவி, டாக்டரம்மா!"

குல்லாவைப் பிரித்து ஒரு நிமிஷம் பார்த்தார். "கண்ணாடியில மோதி மயங்கியிருக்கு. அனேகமாப் பொழச்சுக்கும். நிச்சயமாச் சொல்ல முடியாது." ஒரு செருப்புப் பெட்டியில் பஞ்சை விரித்துக் குருவியை வைத்தார். எக்ஸ்ரே கழுவும் இருட்டறைக்குள் கொண்டுபோய் வைத்துக் கதவைச் சாத்தினார். "அதுக்கு இருட்டும் அமைதியும் போதும். உங்களுக்குப் போதாது. உக்காருங்க தம்பி."

குருவியை விட்டுவிட்டு ஓட முடியாது. உட்கார்ந்தேன். நாற்காலி பின்னால் சாய்ந்ததும் கூரை தெரிந்தது. கூரையில் இரண்டு பறவைப் படங்கள் ஒட்டியிருந்தன. ஒன்று என் குல்லாவில் வந்த பலவண்ணக்காரன். இன்னொன்று சின்னது. தலையும் சிறகும் கறுப்பு, மற்றதெல்லாம் ஆரஞ்சு. கரிச்சட்டியில் விழுந்த கமலாப்பழம்.

அந்த ஊரில் பல்வலி வந்த எல்லோருக்கும் இந்தக் கேள்வி தெரியும். எனக்கு அன்றுதான் தெரிந்தது. வாயில் கண்ணாடியும் பஞ்சும் திணித்த பிறகுதான் கேட்பார்.

"இந்த ரெண்டுல எதுக்குக் காவல் கூடுதலா வேணும்? பச்சைன்னா ஒரு கை தூக்குங்க. ஆரஞ்சுன்னா ரெண்டு கை."

நான் யோசிக்கவே இல்லை. ஏனென்றால் அதே சமயம் ஊசி பக்கத்தில் வந்தது. உலகத்தில் எல்லா டாக்டரும் ஊசியோடு ஒரு சொல் வைத்திருப்பார்கள்: "வலிக்காது." இவர் என் கண்ணைப் பார்த்து, "வலிக்கும்" என்றார்.

இரண்டு கையும் தானாக மேலே போயின. சினிமாவில் துப்பாக்கியைக் கண்ட கணக்குப்பிள்ளை மாதிரி.

"அட! ஆரஞ்சா?" ஊசி நின்றது. "இந்த நாற்காலியில சரியாச் சொன்ன மொத ஆளு நீங்கதான்."

பஞ்சுக்கு நடுவே, "பயத்துல தூக்குனேன்" என்று உளறினேன். அவர் மரப்பெட்டியே ஆடச் சிரித்தார். "பரவால்ல. பயத்துல தூக்குனாலும் விடை சரிதான்" என்றார். ஊசி போட்டார். வலித்தது.

பல் வெளியே வருவதற்குள் பாடம் முடிந்துவிட்டது. பலவண்ணக்காரனுக்கு மலைக்குக் கீழே சமவெளியில் ஆறுமணிக்குருவி என்று பேர். காலை ஆறு, சாயங்காலம் ஆறு, இரண்டு சுரத்தில் விசில் அடிக்கும். ஐப்பசியில் வடக்கேயிருந்து வரும். மலையில் இறங்கி மூச்சு வாங்கும். பிறகு கீழே போய்விடும். இமயமலை அடிவாரம் முதல் சிலோன் வரைக்கும் அதற்கு வீடு இருக்கிறது.

"அப்ப இது கடைசி இல்லையா?"

"கடைசியா? இந்த வாரத்துல இது மூணாவது. முந்தாநாள் போஸ்ட் ஆபீஸ்காரர் ஒண்ணு கொண்டாந்தார். அவரும் ஜெயில்னுதான் அழுதார்."

எனக்கு மானம் போனது. உயிர் வந்தது.

"அந்த ஆரஞ்சு அப்படியில்ல. தெனமும் கண்ணுல படும். அதனாலேயே யாரும் பாக்கிறதில்ல. சோலைக்குள்ள ஈரப் புதர்ல, ஆள் இடுப்பு உசரத்துல, புல்லை உருட்டிப் பந்து மாதிரி கூடு கட்டும். இந்தத் தெற்கத்தி மலைங்களோட உச்சிச் சோலைய விட்டா உலகத்துல அதுக்கு எடமே கெடையாது. பச்சை விழுந்து மொளைக்கிற பல்லு. இது விழுந்தா மொளைக்காத பல்லு." பிடுங்கிய என் கடைவாய்ப் பல்லை இடுக்கியில் தூக்கிக் காட்டினார். "இது மாதிரி."

பிறகு அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்: "அதுக்காகப் பச்சையக் கொல்லலாம்னு அர்த்தமில்ல. பால் பல்லையும் யாரும் வேணும்னு ஒடைக்கிறதில்ல."

அதுதான் அவர். ஒன்றைச் சொன்னால் அதில் ஒரு பொட்டு கூடுதலாகவோ குறைவாகவோ போய்விடக் கூடாது. கூடிவிட்டது என்று பட்டால் தெருவரைக்கும் ஓடிவந்து திருத்துவார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வாசலில் எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்த போதகர், பிரசங்கம் எப்படி என்று கேட்டுவிட்டார். "நீளமா இருந்துச்சுங்க ஐயா" என்றார் டாக்டரம்மா. அதே போதகர் பல்வலியோடு வந்து நாற்காலியில் சாய்ந்து, "வலிக்குமாம்மா?" என்று கேட்டபோது, "வலிக்கும். ஆனா வெரசா முடிஞ்சிரும், பிரசங்கம் மாதிரி இல்ல" என்றார். போதகரே இதை அடுத்த வாரம் பிரசங்கத்தில் சொன்னார். அன்றைக்கும் நீளம்தான் என்று கேள்வி.

பக்கத்துக் கூக்கால் கிராமத்திலிருந்து ஒரு பூண்டு விவசாயி வருவார். பல்லுக்குப் பூண்டு நசுக்கி வைத்து வைத்து ஈறு வெந்துபோன மனுஷர். அவர் வந்தால் கிளினிக்கில் வாசனையே மாறிவிடும். கூரையைப் பார்த்துவிட்டு அவர் ஒரு கையைத் தூக்கினார். பச்சை. பஞ்சை எடுத்ததும் வாதாடினார்.

"அந்த ஆரஞ்சுக்குருவி எங்கூருச் சோலையில கொள்ளையால்ல கெடக்கு! அதுக்கென்ன டாக்டரம்மா காவலு?"

"உங்க வாயிலயும் பல்லு கொள்ளையாத்தான் கெடந்துச்சு. இப்ப எத்தன கெடக்கு?"

அவர் நாக்கால் தடவிப் பார்த்துக்கொண்டார். அடுத்த முறை வரும்போது ஒரு கட்டுப் பூண்டோடு சேதியும் கொண்டுவந்தார்: "எங்க சோலைக்குத் தெக்க தைலமரம் வெச்சானுவ. அந்தப் பக்கம் ஒரு குருவி இல்ல. நீங்க சொன்னது சரித்தான்." வேறு ஒருவர் என்றால் சந்தோஷப்பட்டிருப்பார். டாக்டரம்மா, "தைலமரத்துல வேற குருவி இருக்கும். ஒண்ணுகூட இல்லன்னு சொல்லாதீங்க" என்று அவரையும் திருத்தி அனுப்பினார்.

என் கதைக்கு வருகிறேன். சாயங்காலம் குருவி பெட்டிக்குள் தத்தத் தொடங்கியது. உதிர்ந்த இலை மெத்தையாகக் கிடக்கிற இடத்தில்தான் விடவேண்டும் என்றார். எங்கள் லாட்ஜின் பின்னால் ஒரு பள்ளம் உண்டு. ஒரு ஓடை, அதைச் சுற்றி ஒரு துண்டு சோலை. பாசி பிடித்த குட்டை மரங்கள், பெரணிச் செடி, முழங்கால் சகதி. எச்சில் இலை கொட்டுவதற்கு நாங்கள் பயன்படுத்தும் இடம். அங்கே கூட்டிப் போனேன். பெட்டியைத் திறந்ததும் ஆறுமணிக்குருவி வெளியே குதித்தது. இலையைப் புரட்டி ஒரு புழுவைத் தின்றது. நன்றி சொல்லாமல் புதருக்குள் போய்விட்டது.

டாக்டரம்மா அதைப் பார்க்கவில்லை. சமையல்கட்டை ஒட்டிய கக்கூஸின் ஜன்னலுக்கு வெளியே ஒரு கிளையில் ஆரஞ்சுக்குருவி உட்கார்ந்திருந்தது. அதற்குக் கீழே போன வருஷத்துப் பழைய கூடு ஒன்று, புல் பந்து. அவர் சகதியில் செருப்பு போனதைக்கூடக் கவனிக்காமல் நின்றார்.

"தம்பி, இந்தப் பள்ளம் யாரோடது?"

"எங்க மொதலாளியோடது. தை பொறந்ததும் வெட்டி, மண்ணடிச்சுக் கார் நிறுத்த எடம் பண்ணப் போறார். சீசனுக்குள்ள."

அவர் முகம் மாறியது. அதுவரைக்கும் நான் அவர் முகத்தில் வலியைப் பார்த்ததில்லை. அவருடைய தொழிலே மற்றவர்கள் முகத்தில் அதைப் பார்ப்பதுதான்.

எங்கள் முதலாளிக்குத் திண்டுக்கல்லில் வெங்காய மண்டி. மாதம் ஒருமுறை மலையேறி வந்து என்னைத் திட்டிவிட்டுப் போவார். அவருக்கு ஒரே எதிரிதான். ஊட்டி. லாட்ஜுக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்றால், "ஊட்டியில என்ன அடிச்சிருக்கான்?" ஊட்டிக்கு ரயில் போகிறதே என்பதில் அவருக்கு இருந்த வயிற்றெரிச்சலுக்கு ரயில்வே இலாகா என்ன செய்ய முடியும்? கார் நிறுத்தும் இடமும் அப்படி வந்ததுதான். ஊட்டி லாட்ஜ்களில் கார் படிவரைக்கும் வருகிறதாம்.

எனக்கு ஒரு யோசனை உதித்தது. என் யோசனைகள் எல்லாம் பயத்தில் பிறப்பவை, ஆனால் இது பெருமையில் பிறந்தது. திண்டுக்கல்லுக்குப் போனில் ட்ரங்கால் போட்டேன். "மொதலாளி, நம்ம பள்ளத்துல உலகத்தோட கடைசிக் குருவி வந்து எறங்கியிருக்கு. ஏழு கலர். வெட்டாம விட்டா வெளிநாட்டுக்காரனெல்லாம் வந்து குமிவான்" என்றேன். ஏழு இல்லை, ஆனால் ட்ரங்காலில் யார் எண்ணப் போகிறார்கள்? முதலாளி மறுவாரம் வருவதாகச் சொன்னார்.

வெற்றிச் செய்தியோடு மாடி ஏறினேன். டாக்டரம்மா இடுக்கியைக் கீழே வைத்துவிட்டார்.

"அது போயிருமே தம்பி. நாலஞ்சு நாள்ல கீழ எறங்கிரும். அவர் வந்து பாத்தா பள்ளம் காலியா இருக்கும். அப்புறம் உண்மையே சொன்னாலும் நம்ப மாட்டார்."

"நீங்க ஆமான்னு மட்டும் சொல்லுங்க. பெரிய டாக்டர் சொன்னா நம்புவார்."

"நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் வலிக்காதுன்னு சொன்னதில்ல."

சொன்னபடியே ஆயிற்று. நான்கு நாள் காலையிலும் மாலையிலும் பள்ளத்திலிருந்து விசில் கேட்டது. ஐந்தாம் நாள் கேட்கவில்லை. அன்றிலிருந்து முதலாளி வரும்வரை நான் பட்ட பாடு! பள்ளத்தின் ஓரத்தில் நின்று நானே விசில் அடித்துப் பழகினேன். சமையல்காரர் பார்த்துவிட்டு, பல்லோடு தலைக்குள்ளிருந்து வேறு எதுவோ சேர்ந்து வந்துவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னார்.

முதலாளி வந்தார். தலையில் மஃப்ளர், கையில் குடை, தைக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே மரம் வெட்டிவிடப் பின்னாலேயே இரண்டு ஆள். டாக்டரம்மாவும் சொல்லாமலே வந்து நின்றார்.

"ஏலே மேனேஜரு, எங்கலே கடைசிக் குருவி?"

நான் தொண்டையைச் சரிசெய்வதற்குள் டாக்டரம்மா பேசிவிட்டார். "அது போயிருச்சுங்க அண்ணாச்சி. கடைசியும் இல்ல, ஊரெல்லாம் இருக்கு. தம்பி கூட்டிச் சொல்லிட்டார்."

முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் என் அடுத்த மாதச் சம்பளம் கருகியது. வெட்டுகிற ஆட்களைப் பார்த்துத் தலையாட்டினார். அவர்கள் அரிவாளை எடுத்தார்கள்.

"ஒரு நிமிஷம். அதைவிட முக்கியமானது ஒண்ணு இருக்கு" என்று டாக்டரம்மா கக்கூஸ் ஜன்னலைக் காட்டினார். ஆரஞ்சுக்குருவி அதே கிளையில் இருந்தது.

"இதா?" முதலாளிக்குச் சிரிப்பு வந்தது. "ஏம்மா, நான் வரும்போதெல்லாம் இது அங்கதான உக்காந்திருக்கு!"

"ஆமா. இந்த மாதிரிப் பள்ளத்த விட்டா அதுக்கு வேற போக்கிடம் இல்ல."

முதலாளி நிமிர்ந்தார். "திண்டுக்கல்ல இல்லையா?"

"இல்லைங்க."

"மெட்ராஸ்ல?"

"இல்ல."

"லண்டன்ல?"

"லண்டன்லயும் இல்ல."

முதலாளியின் மஃப்ளர் தானாகத் தளர்ந்தது. அவருடைய மண்டியில் இருக்கும் வெங்காயம் லண்டனிலும் உண்டு. அங்கே இல்லாத ஒரு பொருள் தன் கக்கூஸ் ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறது. அவர் அடுத்து என்ன கேட்பார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குப் பின்னால் நின்று டாக்டரம்மாவைப் பார்த்துக் கும்பிட்டேன். இல்லையென்று தலையை ஆட்டிக் காட்டினேன். ஒரே ஒரு "இல்லைங்க" போதும். யாருக்கு என்ன நஷ்டம்?

"ஊட்டியில?"

டாக்டரம்மா என் கும்பிடைப் பார்த்தார். பிறகு கிளையிலிருந்த குருவியைப் பார்த்தார். பல்லைப் பிடுங்குவதற்கு முன்னால் ஒரு கணம் நிற்பாரே, அப்படி நின்றார்.

"ஊட்டியில இருக்குங்க. மூணாறு பக்கமும் இருக்கு" என்றார்.

கும்பிட்ட கையை இறக்கினேன். முதலாளியின் முகம் விழுந்தது.

"சரி... இது அழியப்போற குருவிதான?" என்று கடைசியாகக் கேட்டார். அவருக்கே ஏதோ ஒன்று வேண்டியிருந்தது.

"இன்னிக்கு நல்லாத்தான் இருக்கு. அழியுதுன்னு சொன்னா பொய். சோலை இருக்கிற வரைக்கும் இருக்கும். சோலை போனா வேற எங்கயும் போகத் தெரியாது."

முடிந்தது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அரிவாள் விழும் சத்தத்துக்குக் காத்திருந்தேன். முதலாளியின் குரல்தான் கேட்டது.

"ஊட்டியில சோலைய என்னம்மா பண்றானுவ?"

"நெறைய எடத்துல வெட்டிட்டாங்க. தைலமரமும் தேயிலையும் வெச்சுட்டாங்க."

"இன்னும் வெட்டுறானா?"

"வெட்டுறாங்க."

முதலாளி விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார். வெங்காயம் விலை ஏறும் என்று தெரிந்தால் மண்டியைப் பூட்டிவைப்பவர் அவர். மெதுவாக முகம் மலர்ந்தது.

"ஏலே, அரிவாள உள்ள வைங்கலே" என்றார். "ஊட்டிக்காரன் வெட்டி முடிக்கட்டும். அப்புறம் சரக்கு நம்மகிட்ட மட்டும்தான் இருக்கும்."

டாக்டரம்மா வாயைத் திறந்தார். மூணாறை ஞாபகப்படுத்தப் போகிறார் என்று தெரிந்துபோய், காப்பி கொண்டுவரச் சொல்லி நான் சத்தம் போட்டேன். அந்த மனுஷியின் பேச்சை நான் மறித்தது அந்த ஒரு தடவைதான்.

முதலாளி ஒரு மாசத்துக்குள் பள்ளத்தின் முன்னால் ஒரு பலகை வைத்தார்: "உலகிலேயே இங்கு மட்டும் காணப்படும் அபூர்வப் பறவை." டாக்டரம்மா ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பைபிளோடு நேராக வந்தார். எங்கள் ஸ்டோரில் இருந்த பெயிண்ட் டப்பாவை வாங்கி, கீழே எழுதினார்: "ஊட்டி, மூணாறு நீங்கலாக." முதலாளி பார்த்துவிட்டுப் பெயிண்ட் டப்பாவைப் பூட்டிவைக்கச் சொன்னார். ஆனால் அழிக்கச் சொல்லவில்லை. அவருக்கும் பல்வலி வரும் வயது.

பலகை மழையில் மட்கிப் போய்விட்டது. ஆறுமணிக்குருவி அடுத்த ஐப்பசியில் வேறு யாரோ ஒருவருடைய ஜன்னலில் மோதியது. பங்குனியில் பள்ளத்துப் புதரில் புதிதாக ஒரு புல் பந்து இருந்தது. கார் நிறுத்தும் இடத்தை முதலாளி முன்பக்கம் டாலியாப் பூப்பாத்திகளை அழித்துப் போட்டார். கார்கள் இன்றைக்கும் அங்கேதான் நிற்கின்றன.